சாரதி கோட்டைக்குள்ள வரமாட்டார்

ஏறி உள்ளுக்கு இருங்கோ தம்பி, வெயிலுக்குள்ள நிண்டு காயாதையுங்கோ. உங்கட மனுசியும் பிள்ளையளும் படமெடுத்து முடிச்சு இறங்கி வர இன்னும் கன நேரம் செல்லும். இந்தக் கக்காமோக் கோட்டைக்குள்ள போன ஆக்கள் கெதியா வந்ததா நான் காணேல்லை. நீங்கள் ஓடிப்போய் ஓடிவந்திட்டியள், வந்து என்னட்டை ஒரு கேள்வியும் கேட்டிட்டியள். "அண்ணை, இவ்வளவு காலமா சனத்தை ஏத்தி இறக்கிறியள், நீங்கள் ஒருக்காலும் உள்ளுக்குப் போனதில்லையோ" எண்டு.

போனதில்லை. போகவும் மாட்டன். கோட்டை, அரண்மனை எண்டு ஆரும் வாயெடுத்தாலே எனக்கு இப்ப உச்சியில ஏறுது. நீங்கள் கேட்டிட்டியள், இனி இருந்து கேக்கத்தான் வேணும்.

எனக்கு ஒரு அண்ணை, லண்டனில. சபாநாதன் எண்டு பேர். நாங்கள் ரெண்டே ரெண்டு பேர்தான் பிள்ளையள். ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள் துவக்கம் நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருந்து ஒரு நேரம் சாப்பிட்டதில்லை. எனக்கு விசாக் கடதாசி சரிவந்த நேரம் அவருக்கு லீவு இல்லை, அவருக்கு லீவு கிடைச்ச நேரம் எனக்கு வேலை. அம்மா செத்ததுக்கு அவர் அங்க இருந்து அழுதார், நான் இஞ்ச பலேர்மோவில இருந்து அழுதன், டெலிபோனைக் காதில வச்சுக்கொண்டு. எனக்கு வேற ஒரு ஆசையும் கிடையாது தம்பி. அண்ணை என்ர வீட்டுக்கு வந்து, என்ர மேசையில இருந்து, ஒரு நேரம் கை நனைச்சிட்டுப் போகோணும். அவ்வளவுதான். இது பெரிய ஆசையோ, நீங்களே சொல்லுங்கோ.

போன சித்திரையில போன் எடுத்தார். "குணம், நான் பென்சன் எடுத்திட்டன். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாறன். சிசிலியில இருக்கிற அரண்மனை, கோட்டை ஒண்டு விடாமப் பாக்கோணும். ஒரு கிழமைக்கு உன்ர வானை எனக்கு ஒதுக்கி வை" எண்டார். எனக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. முன் அறைக்கு நானே வெள்ளை அடிச்சன். அண்ணைக்கு இடுப்பில நாரிப் பிடிப்பு எண்டு நல்ல மெத்தையா வாங்கிப் போட்டன். என்ர மனுசி மலர் வேலையால வந்து களைப்பெண்டு கூடப் பாராமல் திரைச்சீலை எல்லாம் தோய்ச்சுப் போட்டா. எல்லாம் முடிய ரெண்டாம் தரம் போன் எடுத்துச் சொல்லுறார், ஹோட்டல் பிடிச்சாச்சாம். வீட்டில வந்து நிண்டா எங்களுக்குக் கரைச்சலாம்.

கரைச்சல். கூடப்பிறந்தவன்ர வீடு கரைச்சல்.

சரி, படிச்ச மனுசன், பழக்கம் அப்பிடி, சாப்பிட வருவார் தானே எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். முதல் நாள் காலமை வானைக் கழுவித் துடைச்சு, முன்னுக்குப் பிள்ளையார் படத்துக்குப் பூ வச்சு, ஹோட்டல் வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டுறன். அண்ணை வாறார், அண்ணி வாறா, பின்னால கழுத்தில ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கைட் பிள்ளை வாறா. ஆரெண்டு நினைக்கிறியள்? என்ர மகள். ஆரபி.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும். அவளோட நான் கதைக்கிறதில்லை. அவள் கலியாணம் முடிச்ச நாளில இருந்து கதைக்கிறதில்லை, அவள் இருக்கிற தெருவால வான் ஓடுறதும் இல்லை, சுத்திக்கொண்டுதான் போறனான். அவளுக்கு இந்த நாட்டுச் சரித்திரம் படிப்பிச்சு, கைட் சோதினை பாஸ் பண்ண வச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு திரிஞ்சது நான். கடைசியில என்ர முகத்தில கரியைப் பூசிப்போட்டுப் போனாள்.

வெள்ளைக்காரனை முடிச்சிருந்தாலும் பரவாயில்லை எண்டு சொல்லுவன். சனம் ரெண்டு நாள் கதைச்சிட்டு விட்டிருக்கும். இது எங்கட ஊர்ப் பெடியன், கஜீபன் எண்டு. தகப்பன் இராசு. அவையள் ஆரெண்டு ஊருக்கே தெரியும். எங்கட வளவுக்குள்ள பின் படலையால வந்து, முத்தத்தில நிண்டு கதைச்சிட்டுப் போன சனம். இராசு என்ர அப்பாவுக்கு முன்னால தோளில சால்வை போட்டதில்லை. அவன்ர மகன் என்ர பேரப்பிள்ளைக்குத் தகப்பனாகிறதோ? எனக்குச் சாதி கீதி ஒண்டும் கிடையாது தம்பி, நான் இருக்கிறது இத்தாலியில. ஆனா முறை எண்டு ஒண்டு இருக்கெல்லே.

மலர் கேப்பா, "இஞ்ச அவையும் வெள்ளையன்ர வீட்டில நிலம் துடைக்கினம், நாங்களும் நிலம் துடைக்கிறம், இதில என்னப்பா வித்தியாசம்" எண்டு. எனக்கு மண்டை வெடிக்கும். நாங்கள் வேற வழியில்லாமல் துடைக்கிறம். அவை அப்பிடியோ? ரெண்டும் ஒண்டெண்டு ஒரு பொம்பிளை கேட்டா நான் என்னத்தைச் சொல்ல.

சரி, விசயத்துக்கு வாறன். முதல் நாள் நோர்மன் அரண்மனை. ஒரு காலத்தில ராசா இருந்த இடம், இப்ப அவையின்ர சட்டசபை. உள்ளுக்குள்ள சின்னத் தேவாலயம் ஒண்டு இருக்காம், சுவரெல்லாம் பொன். வானை நிப்பாட்டினன். அண்ணை, "வாடா, நீயும் வா" எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிறார். அதுக்கு அவள் சொல்லுறாள், என்னைப் பாராமல், அண்ணையைப் பாத்து: "பெரியப்பா, சாரதி கோட்டைக்குள்ள வரமாட்டார், அரண்மனைக்குள்ளயும் வரமாட்டார். எங்கட நுழைவுச்சீட்டுக்கு நேரமாகுது."

சாரதியாம். சுத்தத் தமிழில. நான் காசு குடுத்துப் படிப்பிச்ச தமிழ்.

நானும் விடேல்லை. "அண்ணை, கைட்டுக்குச் சொல்லுங்கோ, இஞ்ச வானைக் கன நேரம் விடேலாது, பொலிஸ் பிடிக்கும், மற்றப் பக்கத்து வாசலால வரச்சொல்லி" எண்டன். அவள் அண்ணையிட்டச் சொன்னாள், "சாரதிக்குச் சொல்லுங்கோ பெரியப்பா, எந்த வாசலால வாறதெண்டு எங்களுக்குத் தெரியும்." அண்ணி பாவம், ஒருக்கா என்னைப் பாக்கிறா, ஒருக்கா அவளைப் பாக்கிறா. முழுக் கிழமையும் இதுதான் நடந்தது. சீசா அரண்மனைக்குப் போனாலும் இதுதான், ஏரிச்சே மலைக்கோட்டைக்குப் போனாலும் இதுதான். அவை உள்ளுக்கு, நான் வானுக்குள்ள. அண்ணை ஒவ்வொரு இடத்தாலயும் வெளியில வந்து சின்னப்பிள்ளை மாதிரிச் சொல்லுவார். சீசாவில மண்டபத்துக்கு நடுவால தண்ணி ஓடவிட்டு, வெக்கையில ராசா குளிர்ச்சியா இருந்தவராம். "உன்ர பிள்ளை சொல்லித்தாற வடிவை நீ ஒருக்காக் கேக்கோணும் குணம், காசு குடுத்துக் கேக்கலாம்" எண்டார். நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினன்.

பின்னேரம் பின்னேரம் நான் கேக்கிறது, "அண்ணை, இண்டைக்கு வீட்டை சாப்பிட வாங்கோ." ஒரு நாள் வயிறு சரியில்லையாம். மற்ற நாள் அண்ணிக்கு அலுப்பாம். மூண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டது இன்னும் செமிக்கேல்லையாம். என்னை என்ன விசரன் எண்டு நினைச்சாரோ. மீன் சந்தையில ஒருத்தனிட்டச் சொல்லி நல்ல சதைப்பிடிப்பான நண்டா எடுத்து வைப்பிச்சனான். அண்ணைக்கு நண்டெண்டா உயிர். நான் ஒவ்வொரு நாளும் அவனிட்டப் போய், இண்டைக்கு வேண்டாம், நாளைக்கு எண்டு சொல்ல, அவன் சிரிக்கத் துவங்கிட்டான்.

பிறகு ஒரு நாள் ஸ்பெர்லிங்கா. அது தீவின்ர நடுவில, மலைப்பக்கம், ஒரு பெரிய பாறையைக் குடைஞ்சு செய்த கோட்டை. ஓட்டம் தூரம். வழி முழுக்க ரேடியோ மட்டும் பாடிக்கொண்டு வந்தது. அங்க போய் இறங்கினதும் அண்ணை என்ர கையை விடமாட்டனெண்டு பிடிச்சிட்டார். "உள்ளுக்கு வராட்டிப் போ, வாசல் மட்டும் வா." சரி, வாசல் மட்டும் தானே எண்டு போனன். அங்க வாசலுக்கு மேல கல்லில ஏதோ வெட்டியிருக்கு. அவள் அதை வாசிச்சு, தமிழில சொல்லுறாள். எழுநூறு வருசத்துக்கு முந்தி இந்தத் தீவில பிரெஞ்சுக்காரன் ஆண்டவனாம், முழுச் சிசிலிச் சனமும் எழும்பி அவனைத் துரத்தினதாம். இந்த ஸ்பெர்லிங்கா மட்டும் மாட்டனெண்டு அவங்களை உள்ளுக்கு விட்டுக் கதவைப் பூட்டி வச்சிருந்ததாம். மற்ற எல்லாரும் ஓமெண்ட விசயத்துக்கு இந்த ஒரு கோட்டை மட்டும் இல்லையெண்டு சொன்னது எண்டுதான் எழுதியிருக்காம்.

"பிறகு என்ன நடந்தது பிள்ளை?" எண்டு அண்ணி கேட்டா.

"பிறகென்ன, உள்ளுக்கு இருந்தவை கன காலம் பசி கிடந்திட்டு வெளியில வந்தவை, பெரியம்மா. வெளியில இருந்தவை தங்கட பாட்டில சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பினம்."

அண்ணை என்னைப் பாக்கிறார். அண்ணியும் என்னைப் பாக்கிறா. எனக்கு வந்த ஆத்திரம். நானோ பிரெஞ்சுக்காரனை ஒளிச்சு வச்சனான்? முழு ஊரும் மாட்டனெண்ட விசயத்துக்குத் தனிய நிண்டு ஓமெண்டவள் அவள். அந்தக் கோட்டை அவள்தான். அதைக் கூட விளங்கிக்கொள்ளாமல் என்னைப் பாக்கினம். படிச்சு என்ன பிரயோசனம்.

அவையளை மேல அனுப்பிப்போட்டு அண்ணை வாசல்லயே என்னோட நிண்டார். நிண்டு சொன்னார், "குணம், நேர சொல்லுறன். உன்ர வீட்டில சாப்பிட எனக்கு ஆசைதான். ஆனா நான் இருக்கிற மேசையில ஆரபியும் மருமேனும் இருக்கோணும். அவை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது."

"அவன் என்ர வாசல் மிதிக்கேலாது" எண்டன்.

"எந்த வாசல்? நீ அந்தப் பிரபு வீட்டில இவ்வளவு காலம் வேலை செய்தனியே, அது அரண்மனை தானே. எந்த வாசலால போறனி?"

தம்பி, கேட்ட கேள்வியைப் பாத்தியளே. நான் வான் எடுக்கிறதுக்கு முந்தி ஒரு பழைய பிரபு குடும்பத்து மாளிகையில வேலை. முன்னால சலவைக்கல்லுப் படி, அகலமா, கம்பளம் விரிச்சு. நாங்கள் பின்பக்கத்து இரும்புப் படியால ஏறுறது. அது வேலைக்காரருக்கு எண்டு இருக்கிற படி. அவையின்ர வீடு, அவையின்ர ஒழுங்கு, அதில என்ன பிழை? அந்தச் சிஞ்ஞோரா, அதுதான் வீட்டுக்கார அம்மா, என்னில எவ்வளவு பாசம். வருசா வருசம் நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் தருவா, குசினிக்கு வந்து தன்ர கையால தருவா. அதையும் இதையும் ஒண்டாக்கலாமோ?

"அது வேலை அண்ணை, இது குடும்பம்" எண்டன். "குடும்பம் தானே நானும் கேக்கிறன்" எண்டார். நான் வானுக்குத் திரும்பிப் போனன். திரும்பி வாற வழி முழுக்க ரேடியோவும் இல்லை.

கடைசி நாள் ஞாயிறு. அண்ணைக்குப் பின்னேரம் பிளைட். காலமை எழும்பி வாறன், மலர் குசினிக்குள்ள நிக்கிறா. நண்டு கழுவி வச்சிருக்கு. சந்தையில போய் அவவே வாங்கினவவாம். முருங்கையிலை ஆய்ஞ்சு, தேங்காய்ப்பால் பிழிஞ்சு, புட்டுக்கு மா குழைச்சு, வீடு முழுக்க வாசம். "என்ன, அண்ணை ஓமெண்டிட்டாரோ?" எண்டு கேட்டன். "மத்தியானம் சாப்பிடுறதெண்டு சொன்னவர்" எண்டா. எனக்குக் கண் கலங்கிட்டு, உங்களுக்குச் சொல்ல என்ன வெக்கம். கடைசியில தம்பியை விட்டுக்குடுக்கேல்லை எண்டு நினைச்சன். மேசையில நானே தட்டு வச்சன். அவருக்கு நல்ல கதிரை, ஜன்னல் பக்கமா. வச்சிட்டு ஹோட்டலுக்கு ஓடினன், அவையளை ஏத்த.

ஏறி இருந்து அண்ணை சொல்லுறார், "பல்லாரோ சந்தையடிக்கு விடு."

பல்லாரோ சந்தையடியில அவள் இருக்கிறாள். மூண்டாம் மாடி. அந்தத் தெருவைத்தான் நான் சுத்திக்கொண்டு போறனான். "பிள்ளையிட்டச் சொல்லிட்டுப் போகவோ?" எண்டு கேட்டன். "சாப்பிட்டிட்டு" எண்டார். நான் பிரேக்கில காலை வச்சன், பின்னால கோர்ன் அடிக்கிறாங்கள், சந்தைச் சனம் வானைச் சுத்தி நிக்குது. என்ன செய்யிறது, அண்ணையை நடுத்தெருவில இறக்கி விடுறதோ? கொண்டுபோய் வாசல்ல விட்டன். "வா" எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னார். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் பாத்தன். அவையள் போயிட்டினம்.

கொஞ்ச நேரத்தால பஸ்ஸால இறங்கி ஒரு பொம்பிளை வாறா, ரெண்டு கையிலயும் பை. ஆர்? என்ர மனுசி. பைக்குள்ள என்ர வீட்டுப் பானை. மூடிக்கு மேல எங்கட பேர் வெட்டின எவர்சில்வர் பானை, கலியாணத்துக்கு வந்தது. நான் முன்னுக்கு இருக்கிறன், என்னைக் கண்டும் காணாத மாதிரி வானைத் தாண்டிப் போறா. அவன், அந்தக் கஜீபன், படியால குதிச்சு ஓடிவந்து பையை வாங்கினான். வாங்கிப்போட்டு என்னைப் பாத்துத் தலையை ஆட்டுறான். மரியாதையாம். என்ர நண்டை அவன் தூக்கிக்கொண்டு போறான், எனக்குத் தலை ஆட்டுறான்.

வயிறு பத்தி எரிஞ்சுது. பசியில இல்லை, ஆத்திரத்தில. மேல ஜன்னல் திறந்துகிடக்கு. அண்ணை சிரிக்கிறது கேக்குது. அவர் அப்பிடிச் சிரிச்சு நான் கடைசியாக் கேட்டது ஊரில. ஆரோ கோப்பையில தட்டுற சத்தம், மலர் "இன்னும் கொஞ்சம் போடட்டோ" எண்டு கேக்கிற சத்தம், இராசுவின்ர மனுசியின்ர குரலும் கேக்குது. எல்லாரும் ஒரு மேசையில. நான் வானுக்குள்ள, கண்ணாடியை ஏத்தி விட்டன். வெக்கை தாங்கேலாமல் திருப்பி இறக்கினன்.

அண்ணை இறங்கி வந்து ஜன்னலால குனிஞ்சு என்ர தோளில கை வச்சார். அந்தக் கை நண்டு மணந்துது. கழுவித்தான் இருந்தவர், எண்டாலும் நண்டு மணம் போகுமோ. "குணம், கதவு திறந்துதான் கிடக்கு. உனக்கெண்டு எடுத்து வச்சிருக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டிட்டு வா, நான் நிக்கிறன்" எண்டார்.

"பிளைட்டுக்கு நேரமாகுது" எண்டன்.

நேரம் இருந்தது. கன நேரம் இருந்தது. எயார்போட்டில போய்ச் சும்மா நிண்டவை. அங்க வானை நிப்பாட்டினதும் அண்ணை இறங்கி, சுத்தி என்ர பக்கம் வந்து, கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டார், நான் இறங்குவன் எண்டு. நான் இறங்கேல்லை. அண்ணி அழுதவ. அவர் பிறகு கதவை மெதுவாச் சாத்திப்போட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். அதுக்குப் பிறகு போன் இல்லை. நான் எடுக்கிறதா? ஏன் நான் எடுக்கோணும், பிழை விட்டவர் அவர்.

மலரோ? மலர் அண்டைக்கு வரேல்லை. ஆரபிக்கு இது அஞ்சாம் மாசமாம், பேறு முடியத்தான் வருவனெண்டு சொல்லியனுப்பினா. பேறு முடிஞ்சுது, பொடியன். முப்பத்தொண்டாம் நாள் துடக்கும் கழிஞ்சுது. இப்ப பல்லு முளைக்கட்டும் எண்டு நிக்கிறா. வரட்டும், வராட்டிப் போகட்டும். நானே சமைக்கிறன், நானே சாப்பிடுறன், ஒருத்தற்ற தயவும் எனக்கு வேண்டாம். மேசையில அண்டைக்கு வச்ச தட்டுகள்தான், நான் எடுக்கேல்லை. ஏன் எடுக்கோணும்? வச்சது நான், சாப்பிட வராதது அவை.

அந்தா, உங்கட ஆக்கள் இறங்கி வரினம், பிள்ளையள் களைச்சுப்போய் வருதுகள். நல்ல பிள்ளையள், காலமை ஏறேக்கயே கும்பிட்டதுகள். தம்பி, ஒண்டு சொல்லுறன், மறுக்காதையுங்கோ. ஹோட்டலுக்குப் போய் அந்தக் காய்ஞ்ச பாணைக் கடிக்காமல், என்ர வீட்டை வாங்கோ. போற வழிதான். காலமையே பருப்பும் கத்தரிக்காயும் வச்சிட்டன், சோறு ஒரு நொடியில போடுவன், நெத்தலி பொரிப்பன். எல்லாரும் இருக்க மேசையில இடம் இருக்கு. சனம் இருந்து சாப்பிட்டுக் கன நாள், எனக்கும் ஒரு சந்தோசம். வாறியள் தானே? அப்ப சரி.

நீங்கள் பிரான்சில இருந்தெண்டு சொன்னியள், ஊரில எந்த இடம்? ஓ, அங்கயோ, நல்ல ஊர். எனக்கு அங்க ஆக்களைத் தெரியும். ஊருக்குள்ள எந்தப் பக்கம்? பிள்ளையார் கோயில் பக்கமோ, கடற்கரைப் பக்கமோ? அங்காலயோ. அங்கால எண்டா, றோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ? அப்பாவுக்கு என்ன பேர்? என்ன வேலை செய்தவர்? இல்லை, குறை நினைக்காதையுங்கோ, சும்மா கேக்கிறன். வீட்டுக்குள்ள ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகேக்க, ஆர் ஆக்களெண்டு தெரிஞ்சிருக்கோணும் எல்லே.

ஏன் தம்பி, கதவைத் திறக்கிறியள்? இருங்கோ. நான் சாப்பிடத்தானே கூப்பிட்டனான்.